42,000 ரூபாய்க்கு ஒரு சாவி வாட்ச்: பழைய ஒமேகாவும் அதன் 30 மில்லிமீட்டர் மெஷினும்

வாட்சுக்கு 42,000 ரூபாய். சர்வீசுக்கும், வாட்சை ஓட்டுகிற மெயின் ஸ்பிரிங்கைப் புதிதாகப் போட்டதற்கும் சேர்த்து இன்னொரு 5,500. இவ்வளவு கொடுத்து வாங்கிய சாதனம் தேதி காட்டாது, மழையில் நனைந்தால் தாங்காது, தினமும் காலையில் மறக்காமல் சாவி கொடுக்க வேண்டும், அப்படியும் 500 ரூபாய் பேட்டரி (குவார்ட்ஸ்) வாட்ச் அளவுக்குத் துல்லியமாக ஓடாது. வாங்கலாமா என்று கேட்டால், உள்ளே இருக்கும் மெஷினுக்காக வாங்கலாம். பெரிய பேர், அழகான டயல், கல்யாண வீட்டில் நாலு பேர் கையைப் பார்ப்பார்கள் என்பதெல்லாம் காரணமாக இருந்தால் அதே காசுக்குப் புதிதாகவே நல்ல வாட்ச் கிடைக்கும், அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள்.

வாட்ச் இதுதான்: சுவிட்சர்லாந்தின் ஒமேகா கம்பெனி செய்தது, ஸ்டீல் கேஸ், குறுக்களவு 35 மில்லிமீட்டர், வெள்ளையாக இருந்து இப்போது மோர் நிறத்துக்கு வந்துவிட்ட டயல், 6 மணி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் குட்டி நொடி முள். மெஷின் ஒமேகா 267, 17 கல் (சக்கர அச்சுகள் தேயாமல் சுற்றப் பதித்த சின்னக் கற்கள்). மெஷினில் பொறித்திருக்கும் வரிசை எண் 15 என்று தொடங்கும் எட்டு இலக்க எண், அதை வைத்துப் பார்த்தால் 1956 வாக்கில் செய்தது. குளச்சல்காரர் ஒருவர் கொழும்பில் வேலை பார்த்தபோது வாங்கியது, அவர் பேரன் விற்கிறான் என்று விற்றவர் ஒரு கதை சொன்னார். இருக்கலாம், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இலங்கை, மலேயா, அப்புறம் வளைகுடா என்று போகாத குடும்பம் குறைவு. ஆனால் பழைய வாட்ச் விற்கிற எல்லோரிடமும் இப்படி ஒரு பாட்டா (தாத்தா) கதை இருக்கிறது. நான் கதைக்குக் காசு கொடுக்கவில்லை.

மெஷினுக்கு வருகிறேன். ஒமேகா இந்த 30 மில்லிமீட்டர் குடும்பத்தை 1939இல் கொண்டு வந்தது. அந்தக் காலத்தில் ஜெனீவா, நூஷாடெல், இங்கிலாந்தின் கியூ-டெடிங்டன் போன்ற இடங்களில் கடிகாரங்களுக்குத் துல்லியப் போட்டி நடக்கும், கம்பெனிகள் தங்கள் மெஷின்களை அனுப்புவார்கள், வெவ்வேறு நிலையிலும் வெவ்வேறு வெப்பத்திலும் வாரக்கணக்கில் ஓடவிட்டுப் புள்ளி போடுவார்கள். கைக்கடிகாரப் பிரிவில் மெஷினின் குறுக்களவு 30 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. ஒமேகா விதியைப் படித்துவிட்டு, எல்லையைத் தொடுகிற மாதிரி சரியாக 30 மில்லிமீட்டருக்கே மெஷினைச் செய்தது. இந்தக் குடும்பத்து மெஷின்கள் 1940களில் அந்தப் போட்டிகளில் சாதனை எல்லாம் வைத்தன. போட்டிக்குப் போனவை தனியாக, கை தேர்ந்தவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து சரிசெய்தவை, என் கையில் இருப்பது கடையில் விற்ற சாதாரண ரகம், அந்த வித்தியாசத்தை மறைக்க மாட்டேன். ஆனால் அடிப்படை அமைப்பு ஒன்றேதான். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் ராணுவத்துக்குப் போன ஒமேகாக்களிலும், 1953இல் அந்நாட்டு விமானப்படைக்காகச் செய்த வாட்சிலும் ஓடியது இந்தக் குடும்பம்தான். 1963 வரைக்கும் கிட்டத்தட்ட 30 லட்சம் மெஷின் செய்திருக்கிறார்கள். அதனால்தான் இன்றைக்கும் உதிரி பாகம் கிடைக்கிறது, குடும்பத்துக்குள் பல பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பதும் வசதி.

சரி, 30 மில்லிமீட்டர் இருந்தால் என்ன லாபம்? இடம். கிடைத்த இடத்தை எதற்குக் கொடுத்தார்கள் என்று பார்த்தால்தான் மெஷின் வரைந்தவரின் புத்தி தெரியும். இரண்டு பொருளுக்குத்தான் அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள், ஒன்று பாலன்ஸ் சக்கரம், மற்றொன்று மெயின் ஸ்பிரிங் சுருண்டு கிடக்கும் டப்பா. பாலன்ஸ்தான் நேரத்தை அளக்கிற சக்கரம், இந்த மெஷினில் அது மணிக்கு 18,000 தடவை, அதாவது நொடிக்கு ஐந்து தடவை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அடிக்கும். சின்ன பம்பரத்தைவிடப் பெரிய பம்பரம் தட்டினாலும் தடுமாறாமல் சுற்றும் இல்லையா, அதேபோல பாலன்ஸ் பெரிதாக இருந்தால் கை ஆட்டமும் சின்னச் சின்னத் தட்டும் அதை அவ்வளவு கெடுக்காது. பிற்காலத்தில் சில கம்பெனிகள் மணிக்கு 36,000 அடி என்று வேகத்தைக் கூட்டித் துல்லியம் தேடின, அதுவும் நல்ல வழிதான், ஆனால் அதில் தேய்மானமும் எண்ணெய்ச் சிக்கலும் அதிகம். எனக்கு நிதானமாக அடிக்கிற இந்த வழிதான் பிடிக்கிறது. ராத்திரி தலைமாட்டில் வைத்தால் ஒவ்வொரு டிக்கும் தனித்தனியாகக் கேட்கும், தூக்கம் லேசான ஆட்களுக்கு இது குறை.

ஸ்பிரிங் டப்பா பெரிதாக இருப்பதன் பலன் வேறு. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் வாசல் பக்கத்து மணிக்கூண்டுக் கடிகாரத்தைப் பார்த்திருப்பீர்கள், முந்நூறு வருடப் பழமை என்று சொல்வார்கள், எடை தொங்கி இறங்கினால் ஓடுகிற வகை. எடை மேலே இருந்தாலும் கீழே இறங்கிவிட்டாலும் இழுக்கிற இழுப்பு மாறாது, அது அந்த வகைக் கடிகாரத்தின் பெரிய பலம். கையில் எடையைத் தொங்கவிட முடியாது, சுருள் ஸ்பிரிங்தான் கதி, ஸ்பிரிங்கோ சாவி கொடுத்தவுடன் வலுவாக இழுக்கும், நேரம் போகப்போகத் தளரும். இழுப்பு தளர்ந்தால் பாலன்ஸ் வீச்சு குறையும், வீச்சு குறைந்தால் நேரம் பிசகும். டப்பா பெரிதாக இருந்தால் நீளமான ஸ்பிரிங் போடலாம், முதல் இருபத்துநாலு மணி நேரத்தில் அதன் ஒரு பகுதிதான் செலவாகும், அதற்குள் மறுநாள் சாவி கொடுத்துவிடுகிறோம், தளர்ந்த பகுதிக்கு வாட்ச் வருவதே இல்லை. தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள் என்று பழைய ஆட்கள் சொன்னதற்குக் காரணம் இதுதான், சாஸ்திரம் ஒன்றும் இல்லை.

பின்மூடியைத் திறந்தால் மெஷின் செம்பு நிறத்தில் இருக்கிறது. அந்தக் கால ஒமேகாவுக்கே உரிய பூச்சு அது, எழுபது வருடத்துக்குப் பிறகும் எனக்கு வந்ததில் ஓரத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் கறுத்திருக்கிறது. சக்கரங்களை மேலிருந்து பிடித்திருக்கும் பிரிட்ஜ் தகடுகளின் விளிம்பு சுத்தமாகச் சீவப்பட்டிருக்கிறது, ஆனால் பளபளப்புக்காகச் செய்த வேலைப்பாடு எதுவும் இல்லை. நகைபோல இருக்கும் என்று எதிர்பார்த்துத் திறப்பவர்கள் ஏமாறுவார்கள், நல்ல பணிமனைச் சாமான் மாதிரிதான் இருக்கும். பாலன்சுக்கு இன்கபிளாக் அதிர்ச்சித் தாங்கி உண்டு, கீழே விழுந்தால் அச்சு முறியாமல் காப்பாற்ற ஓரளவு உதவும். ஓரளவுதான், தரையில் போட்டுப் பார்க்க வேண்டாம்.

இனி குறை. விற்றவர் "சர்வீஸ் பண்ணியாச்சு, அப்படியே கட்டிக்கலாம்" என்று சொல்லித்தான் கொடுத்தார். நம் மாவட்டத்துக்காரர் இல்லை, வெளியூர், பேர் வேண்டாம். வந்த வாட்ச் காலையில் முழுச் சாவி கொடுத்தால் ராத்திரிக்குள் நின்றது, ஓடுகிற நேரத்திலும் ஒரு நாளைக்கு ஒன்றரை நிமிடம் முந்தியது. இந்த வியாபாரத்தில் "சர்வீஸ் ஆச்சு" என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் மேலே துடைத்து, கண்ணாடியைப் பாலிஷ் போட்டு, ஓடுகிறதா என்று காதில் வைத்துக் கேட்டோம் என்றுதான் பொருள். ஆகவே பழைய சாவி வாட்ச் எதை வாங்கினாலும் சர்வீஸ் செலவைச் சேர்த்தே விலையாக எண்ணிக்கொள்ளுங்கள், பில் காட்டினால் தவிர நம்பாதீர்கள்.

நாகர்கோவிலில் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். மணிமேடை மணிக்கூண்டைச் சுற்றி வாட்ச் கடைகளுக்குக் குறைவில்லை, ஆனால் பெரும்பாலான இடங்களில் பேட்டரி மாற்றுவார்கள், ஸ்ட்ராப் மாற்றுவார்கள், சாவி வாட்ச் என்றால் "பார்ட்ஸ் கிடைக்காது தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். (1893இல் திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில் நிறுவிய கடிகாரத்தைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு இந்த ஊரில் சாவி வாட்சுக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது.) கடைசியில் ஒரு சந்துக்குள் கண்ணாடிப் பெட்டி மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். கடைக்குப் பலகை இல்லை, பேர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. லூப் என்கிற சின்னப் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பின்மூடியைத் திறந்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "மெஷின் நல்ல மெஷினாக்கும் மக்களே. எண்ணெய்தான் காஞ்சு கோந்தாப் போச்சு. பயப்படாண்டாம், வச்சிட்டுப் போ" என்றார். எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

வாரக்கணக்கில் ஆயிற்று. போன் அடித்தால் எடுக்க மாட்டார், ரசீது கிடையாது, அவசரப்படுத்தினால் வாட்சைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார் என்று பக்கத்துக் கடைக்காரர் முன்கூட்டியே எச்சரித்தார். சேவை என்று பார்த்தால் இதற்கு மார்க் குறைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் வேலை? முழுக்கக் கழற்றி, ஒவ்வொரு சக்கரமாகக் கழுவி, ஓட்டையெல்லாம் குச்சியால் சுத்தம் செய்து, புது மெயின் ஸ்பிரிங் போட்டு, எண்ணெய் வைத்திருக்கிறார். எண்ணெய் என்றால் ஒரே எண்ணெய் எல்லா இடத்துக்கும் இல்லை, வேகமாகச் சுற்றும் பாலன்ஸ் அச்சுகளுக்கு நீர்த்த மோபியஸ் 9010, மெதுவாக நகரும் சக்கரங்களுக்குக் கெட்டியான வேறொன்று, ஸ்பிரிங் டப்பாவுக்குக் கிரீஸ். தையல் மெஷின் எண்ணெயை எல்லா இடத்திலும் விடுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், ஆறு மாதத்தில் அது பரவி, தூசி பிடித்து, பழைய கோந்துக் கதைக்கே வந்துவிடும். கழற்றிய பழைய ஸ்பிரிங்கைக் காகிதப் பொட்டலத்தில் மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். நீல எஃகு ஸ்பிரிங், வெளியே எடுத்தால் பின்பக்கமாக வளைந்து விரிய வேண்டியது, சுருண்ட வாக்கிலேயே தளர்ந்து கிடந்தது. புதியது வெள்ளை உலோகக் கலவை, பழைய எஃகு போலத் திடீரென்று முறியும் பயம் குறைவு. 3,700 ரூபாய் கூலி, 1,800 ரூபாய் ஸ்பிரிங். கூலி அதிகம் என்று முதலில் பட்டது, செய்த வேலையைக் கேட்டபிறகு குறைவாகத்தான் வாங்கியிருக்கிறார் என்று தோன்றியது.

இப்போது எண்கள். என்னிடம் சின்ன டைம்கிராஃபர் மெஷின் ஒன்று இருக்கிறது, வாட்சின் டிக் சத்தத்தை மைக்கில் கேட்டு ஒரு நாளைக்கு எவ்வளவு முந்தும் பிந்தும் என்று சொல்லும். சர்வீசுக்கு முன்னால் பாலன்ஸ் வீச்சு 190 டிகிரியில் நொண்டிக்கொண்டிருந்தது. இப்போது முழுச் சாவியில், டயல் மேலே பார்க்க வைத்தால் 285. நேரம், டயல் மேலே இருந்தால் ஒரு நாளைக்கு 4 நொடி முந்துகிறது, டயல் கீழே இருந்தால் 5, நிமிர்த்தி வைத்தால் நிலையைப் பொறுத்து 2 முதல் 7 நொடி பிந்துகிறது. கையில் கட்டி நடமாடினால் இதெல்லாம் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு, நாளுக்கு இரண்டு மூன்று நொடி முந்துகிறது. ஒரு நாளைக்கு இந்த வாட்ச் 4,32,000 தடவை அடிக்கிறது, மூன்று நொடி என்பது அதில் 15 அடி. எழுபது வயதுப் பித்தளையும் எஃகும் நான்கு லட்சத்துச் சொச்சத்தில் 15 தப்புகிறது என்றால் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. இன்றைக்கு சுவிட்சர்லாந்தில் குரோனோமீட்டர் சான்றிதழுக்கு வைத்திருக்கும் அளவே சராசரியில் நாளுக்கு 4 நொடி பிந்துவதிலிருந்து 6 நொடி முந்துவது வரை. என் வாட்சுக்குச் சான்றிதழ் கிடையாது, அந்தச் சோதனைக்கு அனுப்பினால் நிமிர்ந்த நிலைகளில் தோற்கவும் செய்யலாம், ஆனால் கையில் அந்த எல்லைக்குள் ஓடுகிறது.

இன்றைய குவார்ட்ஸ் வாட்சில் படிகம் நொடிக்கு 32,768 தடவை துடிக்கிறது, 1969இல் வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமே மாதத்துக்கு 5 நொடி என்ற கணக்கில் ஓடியது. ஆகவே துல்லியம் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு இங்கே பேச எதுவும் இல்லை.

நிலைக்கு நிலை நேரம் மாறுவதைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை, அதை வைத்தே வாட்சைத் திருத்திக்கொள்ளலாம். கொஞ்சம் முந்தியிருக்கிறது என்றால் ராத்திரி திருகு (சாவி கொடுக்கும் குமிழ்) கீழே பார்க்க ஒருக்களித்து நிறுத்தி வைக்கிறேன், தூங்கி எழுவதற்குள் இரண்டு மூன்று நொடி பிந்தி வந்துவிடும். பிந்தியிருந்தால் டயல் மேலே பார்க்கப் படுக்கவைத்தால் போதும். இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு வாரம் முழுவதும் சேர்த்தே பத்து நொடிக்குள் நிற்கிறது. வீட்டில் இதைப் பைத்தியம் என்கிறார்கள், பரவாயில்லை.

திருகை வெளியே இழுத்தாலும் நொடி முள் நிற்காது, அது ஒரு தொல்லை. நொடி சுத்தமாக வைக்க வேண்டுமென்றால் வாட்ச் சாவி தீர்ந்து நிற்கும்வரை விட்டு, முள் எங்கே நின்றதோ அந்த நொடி வரும்வரை காத்திருந்து, வானொலியில் மணி சொல்லும் பீப் சத்தத்தைக் கணக்கு வைத்து சாவியைத் திருக வேண்டும். நாகர்கோவில் வானொலியை நான் கேட்பதற்கு இப்போது இது ஒரு காரணம்.

நம் ஊர் வானிலைக்கு இந்த வாட்ச் ஒத்துப்போகுமா என்பதுதான் வாங்குமுன் நான் அதிகம் யோசித்தது. வெப்பம் பிரச்சினை இல்லை, இங்கே வருடம் முழுக்கப் பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது, அது மெஷினுக்கு நல்லதே. ஈரம்தான் எமன். ஜூன் மழை ஒரு பக்கம், ஐப்பசி மழை இன்னொரு பக்கம், இரண்டு பருவமும் அடிக்கிற மாவட்டம் இது, நடுவில் கிடைக்கிற மாதங்களில் கடற்கரைப் பக்கம் உப்புக் காற்று. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் இருப்பவர்கள் வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும் அந்தக் காற்று இரும்பை என்ன பாடு படுத்தும் என்று. இந்த வாட்சின் திருகில் ரப்பர் வளையம் என்று பேருக்கு ஒன்று இருந்தது, கல்லாகக் காய்ந்துபோய்விட்டது. பின்மூடி அழுத்தி மூடுகிற வகை, தண்ணீர் தாங்காது. மழை நாளில் நான் இதைக் கட்டுவதில்லை, கடற்கரைக்கும் இல்லை, வியர்த்து ஊற்றுகிற வேலைக்கும் இல்லை. மற்ற நாட்களில் கழற்றியவுடன் துணியால் துடைத்து, சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட டப்பியில் வைக்கிறேன். எங்கள் வீடு தக்கலை பக்கம், கடல் கொஞ்சம் தள்ளி, அதனால் இந்த அளவு போதும். குளச்சலில் குடியிருந்தால் இந்த வாட்சை வாங்கியிருக்கவே மாட்டேன்.

பைக்கில் நீண்ட தூரம் போகும்போதும் கழற்றிவிடுவது நல்லது, குண்டும் குழியுமான ரோட்டில் கைப்பிடி அதிர்வு மணிக்கட்டு வழியாக நேரே பாலன்சுக்குப் போகும். அப்புறம் காந்தம். போன் கவரில் இருக்கும் காந்த மூடி, ஸ்பீக்கர், இண்டக்ஷன் அடுப்பு எல்லாம் பாலன்சோடு இருக்கும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டால் சுருள்கள் ஒட்டிக்கொண்டு வாட்ச் திடீரென்று நிமிடக்கணக்கில் முந்த ஆரம்பிக்கும். அப்படி நடந்தால் மெஷின் போயிற்று என்று பதற வேண்டாம், காந்தம் எடுக்கிற சின்னக் கருவி வாட்ச்காரர்களிடம் இருக்கும், ஒரு நிமிட வேலை. சாவி கொடுக்கும்போது வாட்சைக் கையிலிருந்து கழற்றிக்கொள்ளுங்கள், கட்டியபடியே திருகினால் தண்டு பக்கவாட்டில் இழுபட்டு ஓட்டை தேயும். முப்பது முப்பத்தைந்து சுற்றில் போதும் என்று அதுவே இறுகிச் சொல்லும், அதற்குமேல் ஒரு இழை கூடத் திருகக் கூடாது.

முட்களின் நடுவில் காய்ந்த பழுப்புக் கோடு ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் இருட்டில் ஒளிர்ந்த ரேடியம் பூச்சு. இப்போது ஒளிராது, ஒளிர வேண்டிய துத்தநாக சல்பைடு எரிந்து தீர்ந்துவிட்டது, ரேடியம் மட்டும் அப்படியே இருக்கிறது, அதன் அரை ஆயுள் 1,600 வருடம். மணவாளக்குறிச்சி மணலில் கதிர்வீசும் மோனசைட் தாது அள்ளுகிற மாவட்டத்தில் பிறந்தவனுக்குக் கதிரியக்கம் என்ற சொல் ஒன்றும் புதிதில்லை, இருந்தாலும் இதில் விளையாட்டு வேண்டாம். மூடிய வாட்சைக் கட்டிக்கொள்வதில் பெரிய கவலை இல்லை, பூச்சைச் சுரண்டிப் பொடியை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. வீட்டில் திறந்து முள்ளைச் சுத்தம் செய்கிறேன் என்று யாரும் இறங்காதீர்கள், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சொல்லவே வேண்டாம்.

வாங்க நினைப்பவர்களுக்கு டயல் பற்றிக் கொஞ்சம். இந்தியாவில் சுற்றுகிற பழைய ஒமேகாக்களில் பெரும்பகுதி திரும்பப் பெயின்ட் அடித்த டயல். பளிச்சென்ற நீலம், மயில் பச்சை, சிவப்பு என்று சுவிட்சர்லாந்துக்காரன் கனவிலும் அடிக்காத நிறத்தில் இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகருங்கள். நிறம் சரியாக இருந்தாலும் எழுத்தைப் பாருங்கள், லூப்பில் பார்த்தால் அசல் அச்சின் விளிம்பு கத்தியாக இருக்கும், மறு அச்சில் மை கசிந்து தடித்திருக்கும், நொடி வட்டத்தின் கோடுகள் நடுவிலிருந்து லேசாகத் தள்ளியிருக்கும். எனக்கு வந்ததில் 4 மணிப் பக்கம் மச்சம் மச்சமாகப் புள்ளி விழுந்திருக்கிறது, விலை பேசும்போது அதையே காட்டி 3,000 குறைத்தேன், உள்ளுக்குள் சந்தோஷம், ஏனென்றால் அந்தப் புள்ளிகள்தான் யாரும் டயலில் கை வைக்கவில்லை என்பதற்குச் சாட்சி. அண்ணாச்சியிடம் டயலைக் கழுவ முடியுமா என்று பேச்செடுத்தபோது, "டயலத் தொட்டா நான் ஆளில்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இதே காசில் வேறு என்ன கிடைக்கும் என்று கேட்டால், ஒமேகாவை விட்டு எச்எம்டி ஜனதா பக்கம் போங்கள் என்பேன். பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961 முதல் எச்எம்டி வாட்ச் செய்தது, ஜனதாவும் 17 கல், அதுவும் மணிக்கு 18,000 அடி, நம் ஊரில் அதைத் திறக்கத் தெரியாத வாட்ச்காரர் கிடையாது, உதிரி பாகம் கிலோக் கணக்கில் கிடைக்கும். ஒமேகா விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. என் மாமா கையில் இருக்கிற ஜனதா நாளுக்கு இருபது நொடி வித்தியாசத்தில் ஓடுகிறது, அவருக்கு அது போதும், பெரும்பாலோருக்கும் போதும். ஜனதாவைக் கையில் வைத்து, அப்புறம் இந்த 267ஐக் கையில் வைத்துச் சாவி கொடுத்துப் பார்த்தால் வித்தியாசம் விரலுக்கே தெரியும். ஜனதா கரகரவென்று திரும்பும், இது வெண்ணெயில் போகிற மாதிரி இல்லாமல், ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக, ஆனால் சத்தமில்லாமல் விழும். அந்த உணர்வுக்கு 40,000 ரூபாய் வித்தியாசம் நியாயமா என்பது அவரவர் பாக்கெட்டைப் பொறுத்தது. மாமாவிடம் விலையை இன்னும் சொல்லவில்லை.

35 மில்லிமீட்டர் என்பது இன்றைய ஆட்களுக்குச் சின்னதாகப் படும். தடித்த மணிக்கட்டு உள்ளவர்கள் நேரில் கட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். கூட வந்த தோல் ஸ்ட்ராப் நம் வியர்வைக்கு ஒரு கோடையைத் தாண்டாது, நாற்றமும் அடிக்கும், நான் 18 மில்லிமீட்டர் நைலான் பட்டை ஒன்றை 300 ரூபாய்க்கு மாட்டிவிட்டேன், தோல் ஸ்ட்ராப்பை விசேஷத்துக்கு மட்டும் போடுகிறேன். விற்பவர் யாராக இருந்தாலும் பின்மூடியைத் திறந்து மெஷினைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மெஷின் எண் தெரிய வேண்டும், செம்பு நிறம் தெரிய வேண்டும், திருகாணிகளின் தலை சிதைந்திருக்கக் கூடாது. சிதைந்திருந்தால் கத்தி, ஊசி வைத்து யாரோ விளையாடியிருக்கிறார்கள். திறக்க ஆளில்லை, கருவி இல்லை என்று இழுத்தால் அடுத்த வாட்சைப் பாருங்கள், 30 லட்சம் செய்திருக்கிறார்கள், இன்னொன்று வரும்.